பியர் டப்பாவில் ஒரு கடல்பசு

1

போன வாரம் எங்கள் கம்பெனியில் கேக் வெட்டினார்கள். பிறந்தநாள் ஆளுக்கு இல்லை, பியருக்கு. 'கடல்பசு பேல் ஏல்' வெளிவந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கேக்கின் மேல் நீலச் சர்க்கரையில் கடல், அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கடல்பசு. எனக்கு வால் பக்கத்துத் துண்டு வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிட்டு வைத்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிஸ்பேன் நகரத்துக்குப் பக்கத்தில் விரிகுடா ஒன்று இருக்கிறது. கரையோரம் முழுக்கக் கடற்புல். அதை மேய்வதற்குக் கடல்பசுக்கள் வரும். நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் அதே பிராணிதான். ராமேஸ்வரம் பக்கம் ஆவுளியா என்பார்கள். உலகத்தில் அழிந்துகொண்டு வரும் உயிர்களில் அதுவும் ஒன்று. எங்களுடையது பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன பியர் பட்டறை. முதலாளி அம்மாவின் பெயர் டெபி. விற்கிற ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பங்கு கடல்பசுக்களைப் பாதுகாப்பவர்களுக்குப் போக வேண்டும் என்று அவர்தான் இந்தப் பியரைக் கொண்டுவந்தார். பேல் ஏல் என்பது பியரில் ஒரு வகை, வெளிறிய பொன்னிறத்தில் இருக்கும். எலுமிச்சைத் தோல் வாசனையும் கடைசியில் ஒரு கசப்பும் உண்டு. டப்பாவில் ஒரு தாயும் குட்டியும் நீந்துகிற படம். டப்பா அடைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்த கை, இங்கே டப்பா மூடியை இறுக்குகிறது.

என் தம்பி மிக்கேல் தூத்துக்குடியில் வள்ளம் வைத்துக் கடல் தொழிலுக்குப் போகிறவன். போகிறவனாக இருந்தான். பியரின் பெயரை அவனிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தான்.

"அது என்னண்ணே பேரு, ரோட்டுல நின்னு ஒருத்தன வையுற மாரி இருக்கு? பேலு, ஏலேன்னு!"

"ஏலே இல்லல. ஏல்."

"இப்பம் நீயுந்தான ஏலேங்க."

என் மனைவி எஸ்தருக்கு இது சிரிக்கும் விஷயம் இல்லை. அவள் நாசரேத்துக்காரி. வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள். மதுவின் பெயரைக்கூட உச்சரிக்காத குடும்பம். மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கிற சபைக்காரர்களிடம் என் மாமனார், "தண்ணி சம்பந்தப்பட்ட கம்பெனி" என்று சொல்லிவிட்டாராம். வாத்தியார் வாயில் பொய் வராது. வரவும் இல்லை.

2

எங்கள் மகள் ரீனா இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள். தமிழ் புரியும், முக்கால்வாசி. பேச வராது. பேசினால் நாங்கள் சிரித்துவிடுவோம் என்று சின்ன வயதிலேயே நிறுத்திக்கொண்டாள். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, குழம்பு கோபமா இருக்கு" என்றாள். கொதிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறாள். நாங்கள் சிரித்தோம். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை எஸ்தர் இன்றும் சொல்லி வருத்தப்படுவாள்.

வயது ஏற ஏற எங்களோடு சேர்ந்து செய்ய அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போனது. கோயிலுக்கு வரமாட்டாள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு வரமாட்டாள். ஆனால் சனிக்கிழமை வந்தால் விடிந்ததும் எழுந்து, முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு விரிகுடாவுக்குப் போய்விடுவாள். நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, கம்பிச் சதுரம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் எவ்வளவு கடற்புல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடல்பசுவுக்காகச் செய்கிற தொண்டு. சேறும் சகதியுமாகத் திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருக்கும் சந்தோஷம் எங்கள் வீட்டுக்குள் வேறு எதனாலும் வந்ததில்லை.

அதனால்தான், கடல்பசுவுக்காக எங்கள் கம்பெனி பியர் போடப்போகிறது என்று சொன்ன நாளில் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, உங்க ஊர்க் கடல்லயும் இருக்குதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருக்கிறது என்றேன். "நீங்க பார்த்திருக்கீங்களா?" பார்த்திருக்கிறேன் என்றேன். எங்கே, எந்த நிலையில் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை. எங்கள் சிறுவயதில் அது கரைக்கு வந்தால் கறியாகத்தான் வரும்.

டெபியிடமும் ரீனாவே சொல்லிவிட்டாள், அப்பாவும் கடல்பசுக் கரைக்காரர்தான் என்று. டெபி என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியீட்டு விழாவில் நீதான் பேச வேண்டும் என்றார்.

3

விழாவுக்கு முந்தின நாள். பியரின் முதல் தொகுப்பு டப்பாவில் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே முற்பகல். ஊரில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். மிக்கேல் வீடியோவில் கூப்பிட்டான். கடலில் இருந்து அவன் கூப்பிடுவதே இல்லை.

இயந்திரச் சத்தத்தில் அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. சுவர் ஓரமாகப் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அண்ணே, வலையில கடல்பசு கெடக்குண்ணே."

"உயிர் இருக்கா?"

"இல்ல. ராத்திரியே மாட்டிருக்கும் போல. வாலு சுத்திக்கிட்டு. மேல வந்து மூச்சு விட முடியல, அதுக்கு."

திருக்கை வலை போட்டிருந்தான். கண் பெரிசாக இருக்கும் வலை. திருக்கைக்காகப் போடுவது. ஆமையும் கடல்பசுவும் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளும். வேண்டுமென்று யாரும் பிடிப்பதில்லை. ஆனால் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? புலிக்கு என்ன சட்டமோ அதேதான் கடல்பசுவுக்கும்.

அவனோடு தொழிலுக்குப் போகும் பிச்சை பின்னாலிருந்து பேசுவது கேட்டது. "அவருகிட்ட என்னத்தக் கேக்க? அவரு அங்கன இருந்து வந்து பாக்கப் போறாரா? கல்லக் கட்டி அறுத்து விடுல. ஆருக்குத் தெரியும்?"

"அண்ணே, நீ சொல்லு. பிச்ச இப்பிடிச் சொல்லுதான். நான் என்ன செய்ய?"

நான் பதில் சொல்வதற்குள், "இரு, இன்னொண்ணும் இருக்கு" என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினான்.

குட்டி. வெளிறிய பழுப்பு நிறம். ஒரு ஆள் நீளம்கூட இருக்காது. தாயின் வயிற்றோரம் முகத்தை வைத்து முட்டிக்கொண்டிருந்தது. மேலே வந்து மூச்சு விட்டது. மறுபடி கீழே போய் முட்டியது. வள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்ப அங்கேயே வந்தது.

"போவ மாட்டேங்குண்ணே. தொரத்துனாலும் போவ மாட்டேங்கு."

என் முதுகுக்குப் பின்னால் டப்பாக்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தாயும் குட்டியும்.

"அறுத்து விடாதல" என்றேன். "வனத்துறை அதிகாரிங்களுக்குச் சொல்லு. குட்டிய அவங்க ஏதாவது செய்வாங்க. நீ தெரியாமத்தான மாட்டவச்ச? சொன்னா நல்லதுதான்."

"நல்லதா?"

"நல்லதுதாம்ல."

அவன் என்னையே பார்த்தான். அலையில் படம் மேலும் கீழும் ஆடியது. "சரி, நீ சொன்னா சரி" என்றான். இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. இயந்திரத்தில் ஒரு டப்பா சாய்ந்து மணி அடித்தது. போய் நிமிர்த்தி வைத்தேன்.

4

அதிகாரிகள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. கடலில் ஓர் இடத்துக்கு ஆள் வருவதென்றால் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். அதுவரை மிக்கேல் வெயிலில் அங்கேயே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறான். தாயின் உடலை வலையிலிருந்து கழற்றிக் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்தபோது குட்டி கொஞ்ச தூரம் கூடவே வந்ததாம். பிறகு காணவில்லை. எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அன்று சாயங்காலம் தெரிந்தது. மறுநாள் விழா.

பட்டறையின் முன்பக்கத்தில் விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைகளுக்குக் கடல்பசு முகமூடி. ரீனா தன் கடற்புல் கூட்டாளிகளோடு முன்வரிசையில் நின்றாள். எஸ்தர் விழாவுக்கு வரவில்லை. வந்தால் போட்டோவில் விழுவாள், போட்டோ நாசரேத்துக்குப் போகும்.

டெபி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். முந்தின வாரமே என்ன பேசுவதென்று ரீனாவை வைத்து ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மைக் முன்னால் நின்றபோது அதில் ஒரு வரியும் வாயில் வரவில்லை.

"என் தம்பி கடல் தொழில் செய்கிறவன்" என்றேன். "நேற்றுக் காலையில் எங்கள் ஊர்க் கடலில் ஒரு தாயையும் குட்டியையும் பார்த்தான்."

கூட்டம் முழுக்க ஒரே குரலில் 'ஆ' என்று உருகியது. பக்கத்தில் நின்ற பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாக்கியம் என் தொண்டையில் இருந்தது. தமிழிலும் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது. எந்த மொழியிலும் அது வெளியே வரவில்லை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்த டெபி, எனக்கு மனசு நிறைந்து பேச்சு வரவில்லை என்று நினைத்து, என் தோளை அணைத்துக்கொண்டு டப்பாவை உயர்த்தினார். "தாய்க்கும் குட்டிக்கும்!" என்றார். எல்லோரும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரீனா காரில் துள்ளிக்கொண்டு வந்தாள். "ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல? சித்தப்பா போட்டோ எடுத்தாரா?" அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். வீடு வந்தது. இறங்கும்போது ஆங்கிலத்தில், "அப்போ, கொன்னுட்டார்" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை அவளே என் போனைக் கொண்டு வந்து நீட்டினாள். சித்தப்பாவிடம் பேச வேண்டும். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

மிக்கேல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். அண்ணன் மகள் தானாக முன்வந்து பேசுகிறாள் என்றதும் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டான்.

ரீனா நேராகக் கேட்டாள். புல் இருக்கிற இடத்தில் கடல்பசு வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அங்கே வலை போட்டீர்கள்? ராத்திரி முழுக்க வலையை ஏன் பார்க்காமல் விட்டீர்கள்?

"என்னண்ணே கேக்கா?"

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கா. சித்தி எப்படி இருக்காங்கன்னு கேக்கா."

ரீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முக்கால்வாசித் தமிழ் புரியும் என்று சொன்னேன் அல்லவா. ஆனால் பொய்யை எடுத்துச் சொன்னது மிக்கேல்தான்.

"எனக்கும் கொஞ்சம் வெளங்கும்ணே. கடல் பாக்க வார வெள்ளக்காரங்கள எத்தன பேர வள்ளத்துல ஏத்திருக்கேன். பிள்ள கேட்டது சரிதான்." பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தே தமிழில் பேசினான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"அம்மா, புல்லு இருக்குத எடத்துலதான் மீனும் இருக்கும். எங்களுக்கு வேற எடம் கெடையாது. ஆனா நான் அதக் கொல்லணும்னு போடலம்மா. குட்டி வள்ளத்தையே சுத்திச் சுத்தி வந்துச்சு. நான் கையத் தண்ணியில வச்சேன். வந்து என் கையில மூஞ்ச வச்சுச்சு. பால் குடிக்க வந்துருக்கு. என் கையில என்ன இருக்கு?"

அவன் உள்ளங்கையை போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினான். வலைக்கயிறு அறுத்த தழும்புகள் நிறைந்த கை.

ரீனாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையையே பார்த்தாள். பிறகு, நாங்கள் சிரிப்போம் என்று எத்தனையோ வருஷமாகப் பூட்டி வைத்திருந்த வாயால், தமிழில் கேட்டாள்.

"குட்டி எங்க, சித்தப்பா?"

"தெரியலம்மா" என்றான் மிக்கேல். "நானும் தெனமும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

6

என் தம்பிக்கு வழக்கு வரவில்லை. வந்த அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தானாக வந்து சொன்னவன் என்று எழுதிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வலை அவர்களிடம் இருந்தது. அதெல்லாம் சட்டப்படிதான்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கரையில் எல்லோருடைய வலையையும் சோதனை போட வந்தார்கள். அதுவும் சட்டப்படிதான். யாரால் இது வந்தது என்று கரைக்குத் தெரியும். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதலில் பிச்சை தொழிலுக்கு வராமல் நின்றுகொண்டான். "கல்லக் கட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அண்ணன் சொன்னாரு, அண்ணன் சொன்னாருன்ன. இப்பம் அண்ணன் வந்து வலை இழுப்பாரா?" என்று கேட்டானாம். பிச்சைக்குப் பதில் வேறு ஆளும் வரவில்லை. வள்ளத்தை ஒருத்தனாக எத்தனை நாள் தள்ளுவது?

நான் டெபியிடம் போனேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். கடல்பசுப் பணத்தில் ஒரு பகுதியை எங்கள் கரைக்கு அனுப்பினால், பெரிய கண் வலைகளுக்குப் பதிலாக வேறு வலை வாங்கிக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அருமையான யோசனை என்றார். அன்றே கணக்கருக்கு எழுதினார்.

கணக்கர் வக்கீலைக் கேட்டார். இந்தப் பணம் இந்த விரிகுடாவுக்கு என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது, மாற்ற முடியாது என்றார் வக்கீல். தனியாக அனுப்பலாம், ஆனால் அங்கே பதிவு பெற்ற அமைப்பு வேண்டும், அந்த அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் வாங்குகிற அனுமதி வேண்டும். அப்படி ஒரு அமைப்பைத் தேடிப் பிடித்து எழுதினேன். நல்ல மனிதர்கள். அவர்களுடைய அனுமதி புதுப்பித்தலுக்குப் போயிருக்கிறது, வந்ததும் சொல்கிறோம் என்று பதில் போட்டார்கள். இன்னும் வரவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது? நானும் தேடித்தான் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

மிக்கேலிடம் இதைச் சொன்னபோது, "டப்பாவுல போட்டிருக்கது அந்த ஊரு கடல்பசுவா, நம்ம கடல்பசுவா?" என்று கேட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ல."

"அப்பம் சரி. ஒண்ணாவது நல்லா இருக்கட்டும்" என்றான்.

கோடையில் வள்ளத்தை விற்றுவிட்டான். அதை எனக்கு அவன் சொல்லவில்லை, அவன் மனைவி எஸ்தரிடம் சொல்லித் தெரிந்தது. ரீனாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. இப்போது துறைமுகத்தில், ஒரு ஒப்பந்தக்காரரிடம், நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை. வீட்டுக்கு வந்து எத்தனை முறை குளித்தாலும் காது மடலில் கரி இருக்கிறது என்கிறான். நான் தடுத்திருக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. எப்படி என்று கேட்டால் தெரியாது.

7

ஒன்று மட்டும் மாறியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரீனா சித்தப்பாவைக் கூப்பிடுகிறாள். நான் பக்கத்தில் இருப்பதில்லை. அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பேன். அவளுக்கு இன்னும் ஐம்பது வார்த்தை சேர்ந்திருக்கும். "சாப்பிட்டீங்களா?" வரும். "அங்கன மழையா?" வரும். அங்கன என்று தூத்துக்குடிக்காரி மாதிரியே சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் "குட்டி?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பான் மிக்கேல்.

கேக் வெட்டிய வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். "குட்டி, சித்தப்பா?"

மிக்கேலின் குரல் கேட்டது.

"பாத்தேம்மா. நேத்து காலையில. தீவுக்கு இந்தப் பக்கம், புல்லு மேஞ்சிக்கிட்டு நின்னுச்சு. நல்லா பெருசாயிட்டு."

ரீனா கத்திய கத்தலில் எஸ்தர் மாடியிலிருந்து ஓடி வந்தாள். நான் ஈரக் கையோடு போனை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். திரையில் மிக்கேல், தலையில் துண்டோடு. பின்னால் லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏம்ல அப்பிடிச் சொன்ன? நீ கடலுக்குப் போயி எத்தன மாசமாவுது!"

"வருசம் முழுக்க இல்ல, இல்லன்னே சொல்லியாச்சு. பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கா. நான் வேற என்னண்ணே குடுக்க முடியும் அவளுக்கு?" யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வண்டி வந்துட்டு. வைக்கேன்" என்றான்.

உள்ளே வந்தேன். ரீனா அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். இந்த டிசம்பர் விடுமுறைக்குப் போக வேண்டும் என்றாள். தூத்துக்குடிக்கு. நான்கு வருஷமாக நாங்கள் கூப்பிட்டும் வராதவள். சித்தப்பாவின் வள்ளத்திலேயே போய் அந்தக் குட்டியைப் பார்த்துவிட வேண்டுமாம். "போலாமா அப்பா? பாக்கலாமா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

நான் எஸ்தரைப் பார்த்தேன். எஸ்தர் தரையைப் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றேன்.

நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் கேட்ட பிள்ளைக்கும், கல்யாணத்துக்குக் கூப்பிட்ட சொந்தக்காரருக்கும், இல்லை என்று சொல்ல மனசு வராதபோது சொல்கிற சொல். கேட்டதும் விளங்கிவிடும், அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ரீனாவின் தமிழ் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது அகராதி அர்த்தம்தான்.

"பாக்கலாம்! அம்மா, பாக்கலாம்னு சொல்லிட்டாங்க!" என்று கூவிக்கொண்டே, கடற்புல் கூட்டாளிகளுக்குச் சொல்ல மாடிக்கு ஓடினாள்.